டேங்க் பாய்

கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, தமீம் அன்சாரி கடை எங்கே என்று கேட்டால் நாலு பேர் நெற்றியைச் சொறிவார்கள். டேங்க் பாய் கடை என்று கேட்டால் ஏரிக்கரைக் குதிரைக்காரன்கூடக் கையை நீட்டிக் காட்டிவிடுவான். கடையில் விற்பது என்னவோ வீட்டுச் சாக்லேட்டும் தைலமும்தான். ஆனால் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு. அதற்குள் ஒரு சாண் நீளத்துக்கு ஒரு ராணுவ டேங்க், பச்சைப் பசேலென்று நிற்கும். பேர் அதனால் வந்தது. விவரம் தெரியாத ஒரு லாட்ஜ் மேனேஜர் இந்தப் பேரைக் கேள்விப்பட்டு, மொட்டை மாடித் தண்ணீர் டேங்க் பாசி பிடித்துக் கிடக்கிறது, கழுவ ஆள் அனுப்ப முடியுமா என்று வந்து நின்றார். தமீம் அன்சாரி கோபித்துக்கொள்ளவில்லை. அவரைப் பெட்டி முன்னால் நிறுத்தி, பீரங்கி, கோபுரம், சக்கரம் என்று ஒவ்வொன்றாக விளக்கம் சொல்லித்தான் விட்டார். அந்த மனிதர் அதற்கப்புறம் அந்தத் தெருப்பக்கமே வருவதில்லை.

டேங்க் ஒன்றும் கடையில் வாங்கி வைத்தது இல்லை. அவரே செய்தது. ஒரு மழைக்காலத்தில் யாவாரம் படுத்துக் கிடந்தபோது, போனில் எதையோ பார்த்து ஆசைப்பட்டுச் சென்னையிலிருந்து கூரியரில் வரவழைத்தார். பெட்டியைத் திறந்தால் உள்ளே வெறும் பிளாஸ்டிக் சட்டங்கள். ஒவ்வொரு சட்டத்திலும் காம்பு காம்பாக ஒட்டிக்கொண்டிருக்கும் துண்டுகள். ஒவ்வொன்றையும் வெட்டியெடுத்து, வெட்டிய வடுவை உப்புத்தாளால் தேய்த்து, சாமணத்தால் பிடித்துப் பசை தொட்டு ஒட்ட வேண்டும். அந்தப் பசை சாதாரணப் பசை இல்லை. பிளாஸ்டிக்கையே இளக்கி, இரண்டு துண்டையும் ஒன்றாக்கிவிடும். ஒட்டினால் ஒட்டினதுதான், பிரிக்க நினைத்தால் உடைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

அந்த மழைக்காலம் முழுக்க அவர் மனைவி ரஹ்மத்துன்னிசா பொறுத்துப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்துவிட்டாள்.

"சாக்லேட்டெல்லாம் பெயிண்டு வாடை அடிக்குதுங்க. தின்னவுக யாராச்சும் மயங்கி விழுந்தா நீங்கதேன் ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

தமீம் அன்சாரி காதில் போட்டுக்கொள்ளவில்லை. டேங்க் முடிந்தது, கண்ணாடிப் பெட்டி வந்தது, பேரும் வந்தது. அடுத்த மழைக்கு இன்னொன்று செய்வேன் என்று வருஷா வருஷம் சொல்வார். செய்ததில்லை. ஒரே ஒரு டேங்க்கை வைத்துக்கொண்டு எத்தனையோ வருஷம் ஓட்டிவிட்டார். மலையில் வேறு யாரும் செய்யாத வரைக்கும் ஒன்றே போதுமானதாகத்தான் இருந்தது.

எதிர்ச்சாரியில் பேக்கரி வைத்திருந்தவன் சுப்புராஜ். பாயைவிடக் கொஞ்சம் இளையவன், யாரையும் பார்த்தவுடன் சிரித்துவிடுகிற ஆள். க்ரீமை வைத்துக் கேக்கின் மேல் எதை வேண்டுமானாலும் செய்வான். ஒரு நாள் போனில் யாரோ டேங்க் கேக் வேண்டுமென்று ஆர்டர் கொடுத்தார்கள். அவனும் யோசிக்காமல், கறுப்பாக, உருண்டையாக, மேலே மூடி வைத்து, அடியில் ஒரு குழாயும் வைத்து, அச்சு அசலாகத் தண்ணீர் டேங்க் ஒன்றைச் செய்து வைத்துவிட்டான். வாங்க வந்தது ஓய்வு பெற்ற கர்னல் ஒருவரின் மனைவி. புருஷனுக்குப் பிறந்த நாள். அந்தம்மா கேக்கைப் பார்த்துவிட்டுப் பேச்சே வராமல் நின்றதைப் பஜாரே சொல்லிச் சொல்லிச் சிரித்தது. தமீம் அன்சாரி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். தனக்கு வரப்போகிற தலைவலி அதுதான் என்று அப்போது அவருக்குத் தெரியாது.

சாயங்காலத்துக்குள் வேறு கேக் செய்து கொடுக்க வேண்டும். சுப்புராஜ் மாவுக் கையோடு ஓடி வந்தான்.

"பாய், உங்க டேங்க்க ஒருக்கா பாத்துக்கிறட்டாங்க? வெரசா போயி கேக்கு பண்ணணும்."

"பாரு, பாரு. தொடாமப் பாரு."

அவன் தொடவில்லை. போனை எடுத்து முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் படமாகப் பிடித்துக்கொண்டு போனான். கேக் பிரமாதமாக வந்ததாம், கர்னல் வெட்ட மாட்டேன் என்று அடம் பிடித்தாராம். அதோடு விட்டிருக்கலாம். அவனுக்குக் கை அரிப்பு எடுத்துவிட்டது. அதே டேங்க்கைப் பெட்டியாக வரவழைத்துவிட்டான். தினமும் ஒரு சந்தேகத்தோடு பாய் கடைக்கு வருவான், பாயும் காலை ஆட்டிக்கொண்டு பதில் சொல்வார். ஒரு ஆள் வந்து இப்படிக் கேட்பது அவருக்குச் சுகமாகத்தான் இருந்தது.

அவன் டேங்க் முடிந்து பேக்கரிக் கண்ணாடிக்குள் ஏறிய அன்று அந்தச் சுகம் போய்விட்டது.

கேக்குக்குக் கலர் அடிக்கும் குழல் துப்பாக்கி அவனிடம் இருந்தது. அதைக் கழுவி, பெயிண்ட் ஊற்றி அடித்திருந்தான். பச்சை, ஓரத்தில் வெளிறி, இடுக்கில் கறுத்து, வெயிலிலும் மழையிலும் கிடந்த இரும்பு போலவே இருந்தது. சக்கரத்தில் சேறு. காய்ந்து வெடித்த சேறு. எதில் செய்தாய் என்று கேட்டதற்கு, கோக்கோ பவுடர் என்றான். தமீம் அன்சாரிக்கு வயிறு பற்றி எரிந்தது. கடைக்குத் திரும்பித் தன் டேங்க்கைப் பார்த்தார். புது சோப்பு டப்பா போல இருந்தது. கோக்கோவுக்கு எறும்பு வராதா என்று ஒரு வாரம் எதிர்க்கடையையே பார்த்துக்கொண்டிருந்தார். கொடைக்கானல் குளிரில் எறும்புகளும் அவரைக் கைவிட்டுவிட்டன.

ரஹ்மத்துன்னிசாவும் ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வந்தவள் சும்மா இருந்தாளா?

"நெசமா சொல்றேன், இப்பத்தேன் பூண்டிக் காட்டுலேர்ந்து எறங்கி வந்து நின்ன மாதிரி கெடக்கு. நீங்க ஏன் சேறு வைக்கல?"

"என் டேங்க் சுத்தமான டேங்க்," என்றார் தமீம் அன்சாரி.

இதைக்கூடத் தாங்கிக்கொண்டார். ஒரு நாள் யாரோ சுற்றுலாக்காரர் வழி கேட்க, குதிரைக்காரன், "எந்த டேங்க்குங்க? சேத்து டேங்க்கா, சும்மா டேங்க்கா?" என்று கேட்டான். பாய் காதுபடக் கேட்டான். அன்றைக்கு அவர் மத்தியானச் சோறு சாப்பிடவில்லை.

சீசன் சமயத்தில் பொழுதுபோக்குக் கண்காட்சி ஒன்றுக்கு ஏற்பாடு நடந்தது. தபால் தலை, பழைய நாணயம், பொம்மை என்று ஊர்க்காரர்கள் சேர்த்ததும் செய்ததும் வைப்பார்கள். நடத்துகிறவர் சுகன்யா என்ற டிராயிங் டீச்சர். ஹாலுக்கு நடுவில் விளக்குப் போட்ட ஒரு பெரிய கண்ணாடிப் பெட்டி, அதில் ஒரே ஒரு டேங்க் வைக்கப்போவதாகச் சொன்னார். இரண்டு கடைக்கும் வந்து இரண்டையும் பார்த்துவிட்டுப் போனார். எதை வைப்பார் என்பது தமீம் அன்சாரிக்குச் சொல்லாமலே தெரிந்தது. அந்தப் பெட்டி கைவிட்டுப் போனால் பேரும் போய்விடும். டேங்க் பாய் போய், தைலக்கடை பாயாகத்தான் மிச்ச நாளை ஓட்ட வேண்டும்.

அப்போதிருந்து அவருக்கு ஒரே சோலிதான். சுப்புராஜின் டேங்க்கில் குறை கண்டுபிடிப்பது. வெள்ளனே எழுந்து போனும் கையுமாக உட்கார்ந்து, நிஜ டேங்க்குகளின் படங்களையும் வீடியோக்களையும் துருவினார். கடைசியில் கிடைத்தது. சக்கரங்களைச் சுற்றி ஓடும் பட்டையில் வரிசையாகக் கூர்முனை வைத்த மேடுகள் இருக்கும். அந்த முனை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று ஒரு முறை உண்டு. டிராக்டர் டயரைத் திருப்பி மாட்டினால் பக்கத்துக் கவுஞ்சி ஊர் விவசாயிகள் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள் அல்லவா, அது போலத்தான். பன் வாங்குகிற சாக்கில் எதிர்க்கடைக்குப் போய்க் குனிந்து பார்த்தார். சுப்புராஜ் பட்டையைத் திருப்பி மாட்டியிருந்தான். பன் வாங்கப் போனவர் சந்தோஷத்தில் ஒரு கிலோ பிளம் கேக் வாங்கிக்கொண்டு வந்தார்.

உடனே சொல்லியிருந்தால் அவன் சரி செய்திருப்பான். பட்டையை மட்டும் புதிதாக வாங்க முடியும். அதனால்தான் சொல்லவில்லை.

கண்காட்சி அன்று காலை எதிர்பார்த்தபடியே நடந்தது. சுகன்யா டீச்சர் சுப்புராஜின் டேங்க்கைப் பெட்டிக்குள் வைத்து விளக்கைப் போட்டார். பாய் வெறுங்கையோடு போயிருந்தார். நாலைந்து பேர் கூடுகிற வரைக்கும் காத்திருந்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. இந்தப் பட்டை திருப்பி மாட்டிக் கெடக்கு. வெவரம் தெரிஞ்ச மிலிட்டரிக்காரங்க யாராச்சும் வந்தா நமக்குத்தேன் அசிங்கம்."

போனிலிருந்த படத்தையும் காட்டினார். டீச்சர் முகம் சுருங்கியது. சுப்புராஜ் குனிந்து பார்த்தான்.

"அப்படியாங்க பாய்? நான் பாத்துத்தேனே மாட்டுனேன்," என்று தன் போனை எடுத்துத் தேடினான். ஒரு படத்தைப் பெரிதாக்கினான். பக்கத்தில் நின்ற தமீம் அன்சாரியும் எட்டிப் பார்த்தார். அன்றைக்குக் கேக்குக்காக எடுத்த படம். பெட்டிக்குள் பச்சைப் பசேலென்று அவருடைய டேங்க். அதிலும் முனை அதே பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

தினமும் தூசி தட்டுகிற டேங்க். ஊரான் டேங்க்கை அலசு அலசென்று அலசியவர், தன்னுடையதை ஒரு தடவை குனிந்து பார்க்கவில்லை.

சுப்புராஜ் படத்தைப் பார்த்தான், பாயைப் பார்த்தான். போனை அணைத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"ஆமாங்க டீச்சர், நாந்தேன் மாத்தி மாட்டிட்டேன். பாய் டேங்க்கையே வச்சிருவோம்."

"பாய், நீங்க கொண்டுட்டு வந்துருங்களேன், ப்ளீஸ். கெஸ்ட் வர்ற டைம் ஆச்சு," என்றார் டீச்சர்.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். தமீம் அன்சாரி சொல்லவில்லை. கடைக்குப் போய், டேங்க்கைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து கொடுத்தார். சுப்புராஜ்தான் அதை வாங்கிப் பெட்டிக்குள் வைத்தான். கேக் வேலைக்காக வைத்திருந்த காய்ந்த பாசியைக் கொண்டு வந்து, புல் தரை போல டேங்க்கைச் சுற்றிப் பரப்பினான். பட்டை பாதிக்குமேல் பாசிக்குள் மறைந்துவிட்டது. யாருக்காக அதைச் செய்தான் என்பது தெரிந்தவர் அந்த ஹாலில் ஒருவர்தான்.

ஜனம் வந்தது. பார்த்தது, படம் எடுத்தது, பாராட்டியது. சுப்புராஜே ஆள் ஆளாகக் கூட்டி வந்து, "இது பாய் கையால பண்ணதுங்க, நம்ம மலையில மொத டேங்க்," என்று காட்டிக்கொண்டிருந்தான். ரஹ்மத்துன்னிசாவும் வந்து பார்த்துவிட்டு, புல்லு வச்சதும் நல்லாத்தேன் இருக்கு என்றாள். ஆசைப்பட்ட பெட்டி, ஆசைப்பட்ட விளக்கு, ஆசைப்பட்ட பேர் எல்லாம் கிடைத்துவிட்டது. தமீம் அன்சாரிக்கு ஒரு வாய் டீ உள்ளே இறங்கவில்லை. அவன் கலரைப் பார்த்து எரிந்தது, சேற்றைப் பார்த்து எரிந்தது. அதெல்லாம் ஒரு எரிச்சலா? இவன் இவ்வளவு நல்லவனாக இருந்து தொலைக்கிறானே, அதுதான் இப்போது அவரைச் சுட்டது. கலர் துப்பாக்கியை நாளைக்கே வாங்கிவிடலாம், கோக்கோ அவர் கடையிலேயே மூட்டையாகக் கிடக்கிறது. இதற்கு எங்கே போவது?

விறுவிறுவென்று சுகன்யா டீச்சரிடம் போனார். பக்கத்தில் சுப்புராஜும் நின்றான்.

"டீச்சர், என் டேங்க்லயும் பட்டை திருப்பித்தேன் கெடக்கு. அவன் என்னுதப் பாத்துத்தேன் மாட்டுனான். அது அவனுக்குத் தெரியும். தெரிஞ்சேதேன் எனக்காகப் பழிய ஏத்துக்கிட்டான்."

டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு டேங்க்குக்காக இரண்டு பெரிய மனிதர்கள் ஏன் இந்தப் பாடு படுகிறார்கள் என்பது போலப் பார்த்தார். பாயின் நேர்மையைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார். நேர்மையாவது ஒன்றாவது. சுத்தமான பொறாமை அது, நெஞ்சிலிருந்து நேராக வந்தது. சுப்புராஜுக்கு மட்டும் அது பளிச்சென்று விளங்கிவிட்டது. அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏங்க பாய், இதுலயும் போட்டியாங்க?"

"ஆமாய்யா," என்றார் தமீம் அன்சாரி. "நல்லவன்ங்கிற பேரையும் ஒனக்கே விட்டுக் குடுத்துட்டு, நான் வீட்டுக்குப் போயி எப்படிய்யா தூங்குறது?"