மொட்டை என்று நான் எழுதிய மலை

வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள் எங்கள் பக்கத்து மலைகளைப் படம் பிடிக்கும். அந்தப் படத்தில் எது காடு, எது பாறை என்று கணினி நிறம் போட்டுப் பிரிக்கும். அது சரிதானா என்று ஏறிப் பார்த்துச் சொல்வது என் வேலை. பத்தாவதில் கணக்கில் தோற்றவனிடம் செயற்கைக்கோளே சந்தேகம் கேட்கிறது என்று கூட்டாளிகளிடம் பீற்றிக்கொள்வேன். முட்டிவலியைப் பற்றிச் சொல்வதில்லை.

ஆந்திராவில், எங்கள் புத்தூர்ப் பக்கத்து மலைகளில் தேவாங்கு உண்டு. சின்ன உடம்பு, பெரிய கண். கிளைக்குக் கிளை கைபிடித்தே போகும். மரம் விட்டுப்போன இடத்தில் அதற்கு வழி முடிந்தது. அந்த வழிகளைக் காப்பாற்றச் சொல்லி வனத்துறைக்குக் கொடுக்கத்தான் திருப்பதி ஆபீசில் மேடம் வரைபடம் தயாரித்துக்கொண்டிருந்தார்.

மே மாதம் ஒருநாள், ஒரே மலையில் எனக்கு ஏறிப் பார்க்க ஏழு புள்ளிகள். அடிவாரத்துப் புளியமரத்தடியில் ஆடு மேய்க்கிற அக்கா நின்றிருந்தாள்.

“இன்னாடா, செம்மரம் வெட்டப் போறியா? பையத் தூக்கிக்கினு ஏறாத. தமிழ்ல பேசுனாலே போலீசு புடிச்சிக்கினு போறானுங்க.”

“வெட்றவன் கோடாலி எத்துனு வருவான்க்கா. நான் செல்லு எத்துனு வந்துக்கிறேன். செல்லால மரம் சாயுமா?”

“உன் மூஞ்சப் பாத்தா நீயே சாஞ்சிடுவ போலக்குது. உக்காரு, கூழு குடி.”

குடித்தேன். அண்ணாந்து பார்த்தேன். மலை முழுக்கப் பழுப்பு. ஒரு இலை இல்லை. படத்திலும் சாம்பல் நிறம்தான். செல்லில் ‘ஏற முடியவில்லை, தூரத்திலிருந்து பார்த்தது’ என்று ஒரு கட்டம் உண்டு. நிழலில் உட்கார்ந்தபடியே ஏழு புள்ளிக்கும் அதைத் தொட்டு, ‘வெறும் பாறை’ என்று எழுதிவிட்டுத் தூங்கிப்போனேன்.

ஐப்பசி மழை பிடித்த பிறகு ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். மேடம் திரையைக் காட்டினார். பச்சைக்கு நடுவே சாம்பலாக ஒரு திட்டு.

“இக்கட சூடு, இங்க பாரு. இந்த மலை மொட்டை. இதோட வழி கட். லிஸ்ட்லருந்து எடுத்துட்றேன். கல்குவாரிக்கு ஏற்கெனவே கேட்டுக்கினு இருக்காங்க. காடு இல்லன்னா குடுத்துடுவாங்க.”

அன்று காலைதான் பஸ்ஸில் அந்த மலையைத் தாண்டி வந்திருந்தேன். அடியிலிருந்து உச்சிவரை பச்சை. செம்மரமும் ஒதியமரமும் கோடையில் இலையைக் கொட்டிவிட்டு நிற்கும் என்பது இந்த ஊரில் பிறந்த எனக்குத் தெரியும். செயற்கைக்கோளுக்குத் தெரியாது. அதற்காகத்தான் என்னை வைத்திருந்தார்கள்.

“மேடம், அந்த சேட்டிலைட்டுக்கு ஒரு கண்ணாடி வாங்கிப் போடணும்.”

அவர் சிரிக்கவில்லை. “அது தப்பு பண்ணும்னுதான் உன்ன அனுப்பறேன். நீ ஏறினியா?”

 

“ஏறல மேடம்.”

திட்டியிருந்தால் ஆறியிருக்கும். கண்ணைக் கசக்கிக்கொண்டு, “திங்கக்கிழம குடுக்கணும். அதுக்குள்ள ஏழும் வேணும்” என்றார்.

சனி காலை அக்கா அதே புளியமரத்தடியில்.

“இப்போ ஏர்றியா? கூழு குட்ச்சிட்டு கொறட்ட வுட்டவன்தானே நீ?”

“உன் கூழாலதான்க்கா எல்லாம்!”

“ஆமாண்டா, துன்னவன் நீ, பழி எனக்கு!”

ஈரப் பாறை, முள், தூறல். சனிக்கிழமை மூன்று புள்ளிதான் முடிந்தது. ஞாயிறு பாக்கி நாலு. இரண்டு இடம் உண்மையிலேயே பாறை. மற்ற ஐந்திலும் தலைக்குமேல் கிளைகள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு நின்றன. தேவாங்கு ஒன்றும் கண்ணில் படவில்லை. அது பகலில் தூங்கும், கொடுத்துவைத்தது. கடைசிப் புள்ளியில் செல் கேட்டது: முந்தைய பதிவை மாற்றக் காரணம்? ‘அப்போது நான் ஏறவில்லை’ என்று அடித்தேன். சிக்னல் இல்லை. பதிவு போய்ச் சேரும்வரை செல்லைத் தூக்கிப் பிடித்தபடி மழையில் நின்றேன்.

திங்களன்று மேடத்தின் திரையில் சாம்பல் திட்டின் நடுவே பச்சை, இரண்டு பாறைகளைச் சுற்றி வளைந்து போனது. மலை லிஸ்டில் இருந்தது. குவாரிக்காரர்கள் என்ன செய்வார்களோ, அது எங்கள் கையில் இல்லை என்றார் மேடம். அடுத்து நகரிப் பக்கம் பன்னிரண்டு புள்ளிகளை என் செல்லுக்கு அனுப்பினார்.

திறந்து பார்த்தேன். ‘தூரத்திலிருந்து பார்த்தது’ என்ற கட்டத்தைக் காணோம்.

“மத்தவங்களுக்கு இருக்குது,” என்றார் மேடம், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.