ராஜா வேஷத்துக்கு ஆள் இல்லை

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாற்பது, ஐம்பது கைக்குழந்தைகளை வெட்டினேன். மரக்கத்தியால்தான்... பதற வேண்டாம்.

எண்ணூர்ப் பக்கம், எங்கள் சர்ச் மைதானத்தில் வருஷா வருஷம் ஜனவரியில் மூன்று ராஜாக்கள் நாடகம் நடக்கும். அந்த மூன்று பேர் வாயால் தெய்வப் பாலன் பிறந்த சேதி கேட்டு மிரண்டு, ரெண்டு வயசுக்குட்பட்ட பிள்ளைகளையெல்லாம் கொல்லச் சொன்னானே ஒரு ராஜா — அவன்தான் வில்லன். வேதத்தில் அவனுக்குச் சில வரிகள்தான். எங்கள் ஆட்கள் ரோஸ் கலர் கோட்டு, முறுக்கு மீசை, வெடிச்சிரிப்பு எல்லாம் கொடுத்து முக்கால் மணி நேரத்துக்கு இழுத்துவிட்டார்கள்.

வெட்டுகிற சீனில் பொம்மை கிடையாது. அம்மாக்கள் நிஜக் குழந்தைகளோடு மேடை ஏறுவார்கள். ராஜா மரக்கத்தியால் தலையில் லேசாகத் தொடுவான். ஒருமுறை ‘செத்தாச்சு’, இனி அந்த வருஷம் சாவு கிட்டே வராது என்பது ஊர் நம்பிக்கை. ஒரே ஒரு நிபந்தனை. ராஜா வேஷம் கட்டுகிறவன் தன் பிள்ளையைத் தொடக்கூடாது, தொட்டால் பலிக்காது.

பத்து வருஷமாக பெலிக்ஸ்தான் ராஜா. ஹார்பரில் கன்டெய்னர் யார்டில் வேலை. அவன் சிரித்தால் மைக் தேவைப்படாது.

ரிகர்சலுக்கு நான் கொஞ்சம் திமிரோடுதான் போனேன். விழா மலருக்கு மேடை ராஜாவையும் நிஜ ராஜாவையும் ஒப்பிட்டுக் கட்டுரை எழுதியிருந்தேன். எழுதினால் போதாதே, யாரிடமாவது பீற்றிக்கொள்ள வேண்டாமா? பெலிக்ஸ் மாட்டினான்.

“அவன் பச்சப் புள்ளைங்களைக் கொன்னான்னு வேற எங்கேயும் எழுதி வைக்கலை பெலிக்ஸ். அவனோட அக்கிரமத்தையெல்லாம் பக்கம் பக்கமா எழுதின சரித்திரக்காரர்கூட இதைப் பத்தி மூச்சு விடலை. பெத்த பசங்களையே கொன்னிருக்கான், அது வேற விஷயம். ஆனா பெரிய கட்டடக்காரன். கடலுக்குள்ள சுவர் எழுப்பி ஒரு துறைமுகமே கட்டியிருக்கான்!”

“ஹார்பர் கட்னானா?”

“ஆமா.”

“அப்பால கத்தி இன்னாத்துக்குணா அவனுக்கு?”

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

“ஜெனிக்கு மறுபடி இழுப்பு வந்துட்ச்சுணா. நாலு நாளா ஆஸ்பத்திரில கீது. மூஞ்சில மாஸ்க்கு மாட்டி வுட்டுக்கினு கீறாங்கோ. வூட்ட மாத்துன்றாரு டாக்டரு. எங்கணா போவேன்? வேலயும் இங்க, வூடும் இங்க.”

ஜெனி அவன் மகள். ஒன்றரை வயசு.

எங்கள் பக்கம் வெள்ளைத் துணியை மொட்டை மாடியில் காயப்போட்டால் அனல்மின் நிலையத்துச் சாம்பல் பூத்துத்தான் கீழே வரும். சில நாள் காற்றிலேயே கண் எரியும். மனு கொடுத்தோம். ரோட்டில் உட்கார்ந்தோம். அதிகாரிகள் வந்தார்கள் — மூக்கில் கர்ச்சீப்போடு! பார்த்தார்கள், தலையாட்டினார்கள், கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனார்கள். அப்போதெல்லாம் எனக்குக் கோபம் வந்தது. இப்போது அதுகூட வருவதில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

“இந்த வருசம் நான் ராஜா கட்ல. வேற யார்னா கட்டி என் புள்ளயத் தொடட்டும்” என்றான் பெலிக்ஸ்.

நியாயம்தானே? ஃபாதர் வேறு ஆள் தேடினார். பெலிக்ஸ் வருவதற்கு முன்பெல்லாம் அந்த ரோஸ் கோட்டுக்கு அடிதடியே நடக்கும். இந்த முறை ஒருத்தன் முன்னால் வரவேண்டுமே! “என் பையனும் வரிசைல நிக்கணும் ஃபாதர்” என்றான் ஒருத்தன். “எங்க வூட்லயும் அதே பேஜாருதான்” என்றான் இன்னொருத்தன். மூன்றாமவன் பாக்கெட்டிலிருந்து பிள்ளையின் இன்ஹேலரை எடுத்துக் காட்டினான்.

என் பிள்ளைகள் வளர்ந்து வெளியூரில் இருக்கிறார்கள். தப்பித்தவர்கள் என்று சொல்ல வேண்டும். கோட்டு என் தலையில் விழுந்தது.

நான் என்ன நடிகனா? வசனம் பாதி மறந்துபோயிற்று. என் வெடிச்சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. கீழே ஒருத்தரும் கிண்டலடிக்கவில்லை. அவர்கள் நாடகம் பார்க்க வந்தவர்கள் மாதிரியே தெரியவில்லை. வரிசை மேடையைத் தாண்டி, மாதா கெபியைச் சுற்றி, கேட் வரை நின்றது. வியாசர்பாடியிலிருந்து ஆட்டோ பிடித்து வந்தவர்கள்கூட இருந்தார்கள்.

ஜெனி அன்று காலைதான் டிஸ்சார்ஜ் ஆகியிருந்தாள். புறங்கையில் ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்டர். வழக்கமாகப் பிள்ளைகளை அம்மாக்கள்தான் தூக்கி வருவார்கள். இந்த முறை பெலிக்ஸே தூக்கி வந்தான்.

கத்தியால் அவள் தலையைத் தொட்டேன். என் கோட்டில் குத்தியிருந்த மைக்குக்குப் பக்கத்தில் அவள் நெஞ்சு. ‘கீ...ங்... கீ...ங்...’ என்று மூச்சு மைதானம் முழுக்கக் கேட்டது. எல்லா அம்மாக்களும் தங்கள் பிள்ளையின் மார்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள்.

“இன்னொரு தபா தொடுணா” என்றான் பெலிக்ஸ்.

இதிலெல்லாம் துளியும் நம்பிக்கை இல்லாதவன் நான். இன்னொரு தபா தொட்டேன். அவன் கேட்காமலே மூன்றாவது தடவையும் தொட்டேன்.

வீட்டுக்கு வந்து அந்தக் கட்டுரையைக் கிழித்துப் போட்டேன். அந்த ராஜா நிஜமா, கற்பனையா... யாருக்கு வேண்டும்? எங்கள் பிள்ளைகளைக் காப்பாற்ற இதுவரை மேடை ஏறியவன் அவன் ஒருத்தன்தான்.