கொல்லைச் சந்தில் காவல்

தம்பி பைத்தியக்கார ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் மயிலாப்பூர் வீட்டுக்கு வந்த புதிதில், அவன் புத்தியைவிட அவன் வயிறுதான் எனக்குப் பெரிய கவலையாகிவிட்டது. நாள் முழுக்க ஒரே நாற்காலி. கொல்லைப்பக்கம் போவதே இல்லை. விளக்கெண்ணெய் கொடுத்தால் விஷம் என்று வாயை இறுக மூடிக்கொள்வான். குடல் வெடித்துவிடும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, மேல்துண்டுகூட இல்லாமல் டாக்டர் வீட்டுக்கு ஓடினேன். அவர் முதலில் என் நாடியைத்தான் பிடித்துப் பார்த்தார்.

அப்புறம் வந்து தம்பியின் வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

"வெடிக்காது ஓய். மருந்தைத் திணிச்சா நாளைக்குச் சாதத்தையும் விஷம்பான். தண்ணி, கீரை, கொய்யாப்பழம், நடை. காப்பி குடிச்ச கையோட கொல்லைக்கு அனுப்பும். அப்பவும் ஆகலேன்னா எனிமாக் குழாய்தான்."

குழாய் என்றதும் தம்பி சுவரோடு ஒட்டிக்கொண்டான். அன்றுமுதல் சாந்தோம் கடற்கரை வரை அவனைக் கூட்டிக்கொண்டு நடந்தேன். துணைக்கு நானும் கீரை தின்றேன். பலன் விலாசம் தப்பி என் வயிற்றுக்கே வந்தது. அவனோ கக்கூஸ் வாசல்வரை போவான், திரும்பிவிடுவான்.

டாக்டர் குழாயோடு வருவதாகச் சொல்லியிருந்த அன்று, நான் கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

"வயிறு அவருக்கா, உங்களுக்கா?" என்றாள் மனைவி. "'கீழ்க்கதவைத் திறந்துண்டு யாரோ பாக்கறா, மன்னி'ங்கறார் உங்க தம்பி. அதான் உக்காரவே பயம். கேட்டா சொல்றார். நீங்க கேட்டேளா?"

கேட்கவில்லை. ஓடத்தானே நேரம் இருந்தது?

மலவாளியை வெளியே எடுப்பதற்காகக் கக்கூஸின் பின்புறம், சந்துப் பக்கமாக ஒரு சின்னக் கதவு உண்டு. தம்பியை உள்ளே அனுப்பிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு போய் அதன்முன் சிப்பாய்போல நின்றேன். சந்தில் வந்த மீன்காரி கூடையோடு நின்றுவிட்டாள்.

"இன்னா ஐயரே, கக்கூஸுக்குக் காவல் நிக்கிற? உள்ள தங்கம் எதுனா கீதா?"

"என் தம்பி இருக்கான்."

"அப்ப நில்லு, நைனா," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "அண்ணா, இருக்கியா?"

"இருக்கேன்டா. ஈ, காக்கா வராது."

குடையை விரித்துக் கதவை மறைத்துக்கொண்டு இன்னும் ஒட்டி நின்றேன்.

"அண்ணா."

"என்னடா?"

"நீ அவ்வளவு கிட்டக்க நின்னா எனக்கு வெக்கமா இருக்கு. சித்தே தள்ளிப் போயேன்."

பயம் போய் வெட்கம் வந்துவிட்டது! சந்து முனைக்கு ஓடிப்போய் நின்றேன். செம்புத் தண்ணீர் கொட்டும் சத்தம் அங்கே வரைக்கும் கேட்டது. டாக்டர் குழாய்ப் பெட்டியோடு வந்தபோது, தம்பி இரண்டாவது காப்பி குடித்துக்கொண்டிருந்தான்.