துரை பங்களாவில் மடக்கிய குடை

பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகசாலை நண்பர்களே,

பழைய வீடுகளைப் பார்த்தாலே நாட்டின் சரித்திரம் தெரிந்துவிடும் என்று போன வாரம் இங்கே மேசையைத் தட்டிப் பேசியவன் நான்தான். அதனால் இன்று ரயிலில் கிள்ளானுக்குப் போய், காப்பார் சாலையில் ஒரு ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பங்களாவைப் பார்த்துவிட்டு வந்தேன்.

துரை வெளியே போயிருந்தார். சமையல்காரர் ஆறுமுகம் பின்வாசல் வழியாக உள்ளே விட்டார்.

"சட்டுனு பாத்துட்டுக் கெளம்பிருங்கண்ணே."

தூண், ஜன்னல், படிக்கட்டு என எல்லாவற்றையும் எண்ணி நோட்டில் எழுதினேன். முகப்பை வரையலாம் என்று வெளியே வந்தால் மழை. குடையை விரித்தேன்.

துரையின் மோட்டார் கார் சத்தம் கேட்டது. ஆறுமுகத்தின் முகம் வெளுத்துவிட்டது.

"குடைய மடக்குங்கண்ணே! துரை முன்னால புடிக்கக் கூடாது!"

"நான் ரயில்வே ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. இந்தத் தோட்டத்து ஆளா என்ன?"

"அதெல்லாம் அவரு கேக்க மாட்டாரு. போன மாசம் மடக்காதவனுக்கு முதுகுல காயம் இன்னும் ஆறல."

வாய் கிராணியாகப் பேசிக்கொண்டிருந்தபோதே கை குடையை மடக்கிவிட்டது. கொட்டும் மழையில் நின்றேன். துரை மோட்டாரை நிறுத்தி என் குடையைப் பார்த்தார். பிறகு உள்ளே போனார்.

நோட்டில் எழுதியதெல்லாம் மழையில் கரைந்துவிட்டது. வீட்டின் சரித்திரம் மட்டும் மனப்பாடம்.

உங்களில் யார் குடையை மடக்காமல் நின்றிருப்பீர்கள்? இந்தத் தாளின் கீழே பெயர் எழுதுங்கள். பலகையில் பென்சில் கட்டியிருக்கிறேன்.

என் பெயரை நான் போடவில்லை. அந்தத் துரைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமாம்.