மதரீதியாக

'மதரீதியாக' என்ற சொல்லைக் கலவரச் செய்திகளில்தான் படித்திருந்தேன். அப்பா இறந்த அன்று அது எங்கள் சேக்காட்டு வீட்டுக்குள் வந்தது.

அம்மா கிறிஸ்தவர். அப்பா ஞானஸ்நானம் பெறாமலே ஞாயிறுதோறும் அவரோடு மாதா கோயிலுக்குப் போனவர். அவருக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்டோம். கோயில் கமிட்டிக்காரர் தயங்கினார்.

"மதரீதியா அவரு நம்ம ஆளு இல்லியேம்மா."

"உங்க பக்கத்துலதானே வாராவாரம் முட்டி போட்டாரு?" என்று அம்மா கேட்டார்.

"இன்னாத்துக்கும்மா அவங்களாண்ட கெஞ்சிகினு கீறே? என் தம்பிய நாங்க எடுத்துகினு போறோம்" என்றார் பெரியப்பா.

அம்மா அப்பாவின் நெற்றியில் விரலால் சிலுவை வரைந்தார். மாலையில் பாடை சுடுகாட்டுக்குப் போனது. அடுத்த ஞாயிறு அம்மா கோயிலுக்குக் கிளம்பவில்லை. பிறகு எப்போதும் கிளம்பவில்லை.