கத்தி மேல் விழுந்த முத்திரை

போன வாரம் ஒரகடத்தில், தபால் ஆபீஸ் வரிசையில் நின்றேன். மதியச் சாப்பாட்டுக் கிறக்கம். ஜன்னலுக்கு வெளியே புது கார்களை ஏற்றிய லாரிகள் மெதுவாக ஊர்ந்தன. பாதிக் கண் மூடியிருந்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்களேன்.

எனக்கு முன்னால் ஒரு பெண். ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருக்கிறாள் — கழுத்து ஐடி கார்டில் ஸ்டெல்லா என்று பெயர். கையில் ஒட்டிய கவர்.

“அக்கா, மிலிட்டரி ஸ்டாம்ப் ஏதாச்சும் கீதா? எங்க வூட்டுக்காரர் ஆர்மில கீறாரு. அவருக்குத்தான் லெட்டர்.”

கவுன்ட்டர் அம்மாள் டிராயரைத் துழாவி ஒன்றை எடுத்தார். ஏதோ ஒரு படைப்பிரிவின் ஆண்டுவிழா ஸ்டாம்ப். நடுவில் ஒரு சிப்பாயின் முகம். கீழ் மூலையில் குறுக்கே வைத்த இரண்டு கத்திகள். அவற்றைச் சுற்றி இலை வளையம், பூங்கொடி, தங்க ஓரம்...

எட்டிப் பார்த்து அப்படியே சொக்கிப்போனேன். கத்திக்கு எதற்கு இத்தனை அலங்காரம்? வரைந்தவர் கல்யாணப் பத்திரிகை போட்டுப் பழகியவரோ? அதுசரி, எப்பேர்ப்பட்ட பட்டாளமானாலும் இங்கே வந்தால் முதுகில் பசை தடவிக்கொள்ள வேண்டியதுதான்!

ஸ்டெல்லா ஒட்டிக் கொடுத்தாள். அம்மாள் முத்திரையை ஓங்கினார்.

“ஐயோ, வேணாங்கா! அவரு மூஞ்சி மேல குத்தாதீங்க!”

“இன்னாம்மா இது? குத்துனாத்தான் ஸ்டாம்ப் இனிமே செல்லாதுன்னு அர்த்தம். இல்லாங்காட்டி எவனாவது பிச்சி மறுபடி ஒட்டுவான்.”

ஸ்டெல்லாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“பார்டர்ல கீறாருக்கா. அங்க டவர் இல்ல, போனே வரல. நான் மாசமா கீறது அவருக்கு இன்னும் தெரியாது. ஸ்கேன் படம் உள்ள வெச்சிக்கீறேன். அந்த மூஞ்சில கறுப்பா அடிச்சா... மனசு கேக்கலக்கா.”

மூடநம்பிக்கை என்று நான் லெக்சர் அடித்திருக்கலாம். எங்கே அடிப்பது? முன்பின் தெரியாத அந்தப் பையன் பத்திரமாகத் திரும்பி வரவேண்டுமே என்று மனசு அடித்துக்கொண்டது.

அம்மாள் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கினார். கவரைத் திருப்பிவைத்து, முத்திரையைச் சாய்த்துப் பிடித்து — டொப்! முகத்தில் ஒரு பொட்டு மை இல்லை.

“கத்தி மேல குத்திக்கீறேன், பார்த்துக்கோ. இனிமே அது செல்லாது. நிம்மதியா வூட்டுக்குப் போம்மா.”

ஸ்டெல்லா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள்.

நோட்டைச் செல்லாது என்று சொன்னவர்களைப் பார்த்திருக்கிறோம். கத்தியைச் செல்லாது என்று சொன்னது, எனக்குத் தெரிந்து, எங்கள் தபால் ஆபீஸ் அம்மாள் ஒருவர்தான்!