நாலு வார்த்தைப் பெட்டி

வீட்டு வரவு செலவு பார்ப்பது சம்பளமில்லாத உத்தியோகம். அது செல்போனுக்குள் போன பிறகு தூக்கமும் இல்லாத உத்தியோகமாகிவிட்டது. இதற்கு ஒரு வழி இருக்கிறது என்று முதலில் சொன்னவள் என் மகள் கயல்விழி. போன ஆடிப்பெருக்கன்று, காவிரிப் படித்துறையில் காப்பரிசியை மென்றுகொண்டே சொன்னாள்: “பாஸ்வேர்ட் எல்லாத்தையும் பூட்டி வெச்சுக்கிற பெட்டி மாதிரி ஒண்ணு போன்ல இருக்கும்மா. அதைத் திறக்க நாலு வார்த்தை மட்டும் நீங்க ஞாபகம் வெச்சுக்கிட்டா போதும்.”

அவள் அவசரம் எனக்குப் புரிந்தது. அவள் அப்பாவுக்கு ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருந்தது. பேங்க், பயிர் இன்சூரன்ஸ், அவர் வைத்தியத்துக்கென்றே போட்டு வைத்த மியூச்சுவல் ஃபண்ட் எல்லாவற்றின் பாஸ்வேர்டும் அவர் மனசுக்குள்தான் இருந்தது. முழுசாக மறப்பதற்குள் ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் சேர்க்க வேண்டும். வீட்டில் இப்படி ஒருவரை வைத்துக்கொண்டு தவிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

முணுமுணுப்பு

சாமி பேரைக்கூட எனக்கு உதடு அசையாமல் சொல்ல வராது. ஒரத்தநாட்டில் பேங்க் வரிசையில் நின்றபடி, அம்மனை நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக மெல்லச் சொல்லிச் சொல்லித்தான் பெட்டியைத் திறந்தேன். ஃபேன் சத்தத்தில் யாருக்குக் கேட்கப்போகிறது என்று நினைப்பு.

பின்னால் நின்ற பெண் தோளைத் தொட்டாள். “அக்கா, மூணு வார்த்தை நல்லாக் கேட்டுச்சு. நாலாவதுதான் சரியா விழல, இன்னொரு தடவை சொல்லுங்க.”

கோபித்துக்கொண்ட பெட்டி

அன்றைக்கே நாலையும் மாற்றினேன். அதற்குப் பிறகு ஒரு மழைநாளில், பயிர் இன்சூரன்ஸ் பணம் நின்றுவிடும், உடனே உள்ளே வாருங்கள் என்று ஒரு மெசேஜ். தொட்டேன். நம்ம பேங்க் பக்கம் அப்படியே வந்தது, அதே நிறம், அதே எழுத்து. ஆனால் எப்போதும் தானாக பாஸ்வேர்டை நிரப்புகிற பெட்டி அன்றைக்கு அசையவில்லை. வார்த்தையை மாற்றியதில் கோபமோ என்று கயல்விழிக்குப் போன் போட்டேன்.

அவள் பதறிப்போனாள். “தொடாதீங்கம்மா! அது கோவிச்சுக்கல. அது உங்க பேங்கே இல்ல. ஆள் தெரியாத வீட்டுல அது வாயத் திறக்காது.”

விரல்கள்

எல்லாம் சேர்ந்தது, ஃபண்டு மட்டும் நின்றது. பாஸ்வேர்ட் மறந்துவிட்டது என்று சொன்னால், புதுசு போட ஃபண்டுக்காரர்கள் அவர் இமெயிலுக்கு வழி அனுப்புவார்கள். அந்த இமெயிலின் பாஸ்வேர்ட் அவருக்கு மட்டும்தான் தெரியும். கேட்கும்போதெல்லாம், “என்னது?” என்று குழந்தை மாதிரி பார்ப்பார். வைத்தியத்துக்கு வேறு வழி இல்லை. விளக்கேற்றும்போதெல்லாம் அதையே வேண்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு சாயந்தரம் வாய்க்காலில் புதுத்தண்ணீர் வந்திருந்தது. வரப்பில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீருக்கு மேல் வெளிச்சம் ஆடியது, அவர் முகத்திலும் ஆடியது. நான் ஒன்றும் கேட்கவில்லை. இமெயில் பக்கத்தைத் திறந்து போனை அவர் கையில் வைத்தேன், அவ்வளவுதான். கண் தண்ணீரில் இருக்க, கட்டைவிரல் தானாக ஓடியது. கதவு திறந்தது. ‘சேமிக்கவா?’ என்றது பெட்டி. ஆமாம் என்று அழுத்தினேன்.

அப்புறம் பெட்டிக்குள் பார்த்தால், அது எங்களிடம் முன்பு இருந்த மயிலைக்காளையின் பெயர்! (மாற்றியாகிவிட்டது, யாரும் முயற்சி செய்ய வேண்டாம்.) “ஏங்க, மாட்டுப் பேரை வெச்சீங்களே, எம் பேரு தோணலையா?” என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். “உம் பேரை எதுக்கு எழுதி வெக்கணும்? அது மறக்கவா போவுது?”

கோடி வார்த்தையை அந்தப் பெட்டி காப்பாற்றும், ஆனால் மனுஷன் மனசுக்குள் இருப்பதை அதுவாக எடுத்துக்கொள்ளாது. அதனால் உங்க வீட்டுக்காரர் தெளிவா இருக்கிற ஒரு சாயந்தரமாப் பாத்து, பக்கத்துல போய்க் கொஞ்சம் உக்காருங்க.